கரண்ட் இல்லாத வளவில் சுடுதண்ணி

திருகோணமலை வெக்கைக்கு எதற்குச் சுடுதண்ணி என்று கேட்பவர்கள் எல்லாம் சித்திரையில் வந்துதான் கேட்கிறார்கள். மார்கழியில், மூன்று நாள் விடாமல் மழை பெய்து, வாடை கடலிலிருந்து நேரே வந்து கிடுகு இடுக்குக்குள் நுழைகிற நாளில், விடிய ஐந்து மணிக்குக் கிணற்றடியில் நின்று ஒரு வாளியைத் தலையில் ஊற்றிவிட்டு வரச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

எங்கள் வளவு குச்சவெளிக்கு அங்கால் இருக்கிறது. மின்கம்பம் பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. இரண்டு அறைக் கொட்டில், ஒரு கிணறு, கூரையில் சின்னதாக ஒரு சோலார் தகடு, ஒரு பற்றரி, அவ்வளவுதான். லைட் எரியும், போன் சார்ஜ் ஏறும், ஒரு காற்றாடி சுற்றும். சுடுதண்ணிக்காக ஐந்து வருடமாக ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்து, கொஞ்சம் காசைக் கரியாக்கி, கடைசியில் விறகுக்கே திரும்பி வந்தவன் நான். ஏன் என்பதையும் எப்படிக் கட்டுவது என்பதையும் எழுதுகிறேன், நீங்களாவது சுற்றி வளைக்காமல் போங்கள்.

முதலில் பற்றரி ஆசையை விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் 27 பாகை என்று வையுங்கள். 20 லிட்டரை 80 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 4,450 கிலோஜூல், கரண்ட் கணக்கில் ஒன்றேகால் யூனிட். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பற்றரி முழுக்க நிரம்பி இருந்தாலும் அதற்குள் இருப்பது 1.2 யூனிட்தான். சாதாரண ஈயப் பற்றரியில் பாதிக்குமேல் உறிஞ்சினால் அது சீக்கிரம் செத்துவிடும் என்பது தனிக் கதை. அதாவது ஒரு பானை வெந்நீருக்காக வீட்டை இரண்டு இரவு இருட்டில் போடுகிறீர்கள். ரவுணில் பாத்ரூம் சுவரில் மாட்டுகிற அந்த உடனடி ஹீட்டர்கள் 3.5 கிலோவாட்டுக்கு மேல் இழுப்பவை, சின்ன இன்வேர்ட்டர் அதைக் கண்டதும் கத்திக்கொண்டு நின்றுவிடும்.

அடுத்தது வெயில். இதில்தான் நான் இரண்டு வருடம் மினக்கெட்டேன், தப்பில்லை, வெயில் வேலை செய்யும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 5 யூனிட் சக்தி விழுகிறது, அதில் பாதியைப் பிடித்தாலும் 100 லிட்டர் தண்ணீர் 27 பாகையிலிருந்து 48 பாகைக்குப் போகும். ஆக எளிய வழி, 100 மீற்றர் கறுப்பு அல்கதீன் (பொலித்தீன்) குழாயைச் சுருட்டித் தகரக் கூரையில் கட்டிவிடுவது. அரை அங்குலக் குழாயில் நிற்பது ஒரு வாளித் தண்ணீர்தான், ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்குத் திறந்தால் முதலில் வருவது கையைச் சுடும். அதைவிடக் கொஞ்சம் நல்லது, ஒரு பழைய இரும்புப் பரலை (பீப்பாயை) மங்கல் கறுப்பில் பூசி, பலகைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மேலே கண்ணாடி மூடி, அடியிலும் பக்கத்திலும் உமி அடைப்பது. உமியைப் போல மலிவாகச் சூட்டைப் பிடித்து வைக்கும் சாமான் இந்த மாவட்டத்தில் வேறில்லை, தம்பலகாமம் பக்கம் நெல் ஆலைகளில் சாக்கோடு கிடைக்கும். காய்ந்த உமியாக இருக்க வேண்டும், நனைந்தால் பிரயோசனம் இல்லை, புழு வேறு வைக்கும்.

பெட்டியைத் தெற்குப் பார்த்துச் சாயுங்கள். நாங்கள் இருப்பது வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையில். மார்கழியில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வராது, 32 பாகை தெற்கே சரிந்து நிற்கும். வருடம் முழுக்கப் பொதுவாக என்றால் 10 முதல் 15 பாகைச் சரிவு போதும், மழைக்காலத்துக்கு என்று குறிவைத்தால் 25 பாகைக்கு மேல் போகலாம். வெயிலில் சூடேறும் தகடு ஒன்று, தாங்கி ஒன்று என்று தனித்தனியாக வைத்துத் தண்ணீர் தானாகச் சுற்றுகிற மாதிரிச் செய்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: தாங்கியின் அடி தகட்டின் தலையைவிட ஒரு முழமாவது உயரத்தில் இருக்க வேண்டும், இடையில் போகும் குழாய் எங்கும் இறங்கி ஏறக்கூடாது. ஒரு இடத்தில் வளைந்து மேடு விழுந்தாலும் அங்கே காற்று நின்றுவிடும், தண்ணீர் அசையாது, நீங்கள் குழாயைத் தட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

இவ்வளவும் செய்து முடித்த பெருமையில் நான் நின்றபோது பக்கத்து வளவு அண்ணை, வலை பொத்திக்கொண்டு இருந்தவர், நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "தம்பி, வெயில் எரிக்கிற நாளில ஆருக்குச் சுடுதண்ணி?"

அதுதான் முழு விசயமும். மாசியிலிருந்து புரட்டாதி வரை வெயில் கொளுத்துகிறது, அப்போது கிணற்றுத் தண்ணீரே சுகம். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை மழை, அப்போதுதான் வெந்நீர் வேண்டும், அப்போதுதான் வானம் மூடிக் கிடக்கும். வெயிலை நம்பியவனுக்கு வேண்டாத மாதத்தில் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும். பெட்டியை நான் கழற்றவில்லை, கடலுக்குப் போய்விட்டு வந்து உப்புக் கழுவுவதற்கும் சட்டி கழுவுவதற்கும் நல்லது, மழைக்கு நடுவில் ஒரு நாள் வெளித்தால் அடுப்புக்குப் போகிற தண்ணீரை முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றித் தரும். ஆனால் அதை நம்பிப் பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் பொறுப்பெடுக்க முடியாது.

காஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கணக்கில் காஸ் மோசமில்லை, 20 லிட்டரை 40 பாகைக்குக் கொண்டுவர 30 கிராம் அளவில்தான் போகும், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் நானூறு குளிப்பு வரை பார்க்கலாம். ஆனால் காஸ் ஹீட்டருக்குத் தண்ணீர் அழுத்தம் வேண்டும், அதற்கு உயரத்தில் தாங்கி வேண்டும், குளிக்கிற அறைக்குள் மாட்டவே கூடாது, கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளை முடித்துவிடும். 2022 இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற ஞாபகமும் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, விறகுப் பாய்லருக்கு வருவோம்.

அடுப்பில் கிடாரம் வைத்துக் கொதிக்க வைப்பது யாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதில் விறகு வீண், சூடு பக்கத்தால் எல்லாம் போய்விடும், மொண்டு மொண்டு எடுக்கும்போது தண்ணீர் குறைந்து பாத்திரம் கரியும். நான் சொல்வது, நடுவில் புகைபோக்கி ஓடுகிற தாங்கி. மேலே ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மற்றப் பக்கத்தால் ஒரு வாளி சுடுதண்ணீர் வரும். தாங்கி எப்போதும் நிரம்பியே இருக்கும், பைப்பூட்டும் (திருகித் தண்ணீர் திறக்கிற குழாய்) தேவையில்லை, மோட்டாரும் தேவையில்லை.

வெல்டிங் கடையில் இப்படிச் சொல்லுங்கள். 60 லிட்டர் அளவு பிடிக்கிற உருளை, 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு. அடியிலிருந்து தலை வரை நடுவால் 4 அங்குல ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய், இரண்டு முனையும் திறந்து, தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிவர வெல்டிங். இதுதான் புகையும் நெருப்பும் போகும் வழி. அடுத்து ஒரு அங்குலக் குழாய் ஒன்று மேலிருந்து இறங்கி அடித்தட்டுக்கு இரண்டு அங்குலம் இருக்கும் வரை போக வேண்டும், அதன் தலையில் புனல். எதிர்ப்பக்கத்தில், தாங்கியின் ஆக உயரமான இடத்திலிருந்து இன்னொரு ஒரு அங்குலக் குழாய் வெளியே வந்து வளைந்து கீழே பார்க்க வேண்டும், அதுதான் தண்ணீர் விழும் மூக்கு. புனல் வாய் மூக்கைவிட ஒரு சாண் உயரம். அடியோரத்தில் கழுவி விட ஒரு திருகுமூடி. அவ்வளவுதான்.

எனக்குச் செய்து தந்தவர் உள்ளே போகிற குழாயைக் கட்டையாக வெட்டிவிட்டார், பாதி உயரத்தில் நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து மூட்டிப் பார்த்தால் இரண்டாவது வாளியே வெதுவெதுப்பு. ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் அடிக்குப் போகாமல் மேலே நிற்கிற சூட்டோடு கலந்துவிடுகிறது, அதுதான் காரணம். சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் அடுக்காக நிற்பதால்தான் இந்தச் சாமான் வேலை செய்கிறது, அந்த அடுக்கைக் கலைத்தால் ஒன்றுமில்லை. ஆகவே கடையிலிருந்து எடுக்குமுன் புனலுக்குள் ஒரு ஈர்க்கை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

இனி உயிர் போகிற விசயம். அந்த மூக்கில் பைப்பூட்டு, வால்வு, மூடி, எதுவும் போடக்கூடாது. தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் பெருக்கும். வழி திறந்திருந்தால் சும்மா புஸ்ஸென்று போகும், அடைத்திருந்தால் அது பாய்லர் அல்ல, குண்டு. வடிவாக இருக்கட்டும் என்று யாராவது ஒரு பித்தளைப் பைப்பூட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், கிணற்றடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல மூக்கிலிருந்து குளிக்கிற இடத்துக்கு வெள்ளைப் பீ.வீ.சி. குழாய் ஓட்ட வேண்டாம். நான் ஓட்டினேன். 60 பாகை தாண்டினால் அது இளகிவிடும். இரண்டு கிழமையில் அந்தப் பைப் வெயிலில் கிடந்த வாழைத்தண்டு மாதிரி நடுவால் தொங்கிக்கொண்டு நின்றது.

அடுப்பைச் செங்கல்லும் புற்றுமண்ணும் வைத்துக் கட்டுங்கள், சீமெந்து நெருப்புக்கு வெடிக்கும். புற்றுமண்ணை உமியோடும் கொஞ்சம் சாம்பலோடும் குழைத்து ஒரு இரவு ஊறவிட்டால் பூச நல்ல பதம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நாலைந்து கம்பிகளைத் தட்டாகப் பதியுங்கள், சாம்பல் கீழே விழவும் காற்று அடியால் ஏறவும். அந்தத் தட்டுக்கும் தாங்கியின் அடிக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி. தாங்கியை அதன் மேல் இருத்தி, சுற்றிவர அதே மண்ணை இரண்டு அங்குலத் தடிப்பில் மெழுகுங்கள், சூடு வெளியே போகாது. மண் ஈரமாக இருக்கும்போது பெரு நெருப்பு மூட்டினால் வெடித்துக் கொட்டும். மூன்று நாள் நிழலில் காயவிட்டு, பிறகு இரண்டு நாள் சும்மா சுள்ளி நெருப்பு.

அடுப்பு வாய் எந்தப் பக்கம் என்பது சின்ன விசயமில்லை. மார்கழிக் காற்று வடகிழக்கிலிருந்து, ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து. இரண்டுக்கும் குறுக்காக, தென்கிழக்கையோ வடமேற்கையோ பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்று நெருப்பு வெளியே பாயும் அல்லது புகை முழுக்க உங்கள் முகத்துக்கு. கிடுகுக் கொட்டிலிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும், மேலே தகரம் போடுங்கள், புகைக்குழாய் அந்தத் தகரத்தைத் தாண்டி இரண்டடி உயர வேண்டும். கிடுகுக்கு ஒரு பொறி போதும்.

விறகு. இதை நான் ஆடியிலேயே சேர்க்கத் தொடங்கிவிடுவேன். கச்சான் அடிக்கிற மாதங்கள் (கொறிக்கிற கச்சான் அல்ல, காற்று) பச்சை விறகைக்கூட முறுக்கிக் காயவைத்துவிடும். மழை தொடங்கிய பிறகு விறகு தேடுபவன் புகையில்தான் குளிப்பான். ஈர விறகில் சூட்டில் ஒரு பங்கு அதன் ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். எங்கள் பக்கத்தில் காசு கொடுக்காமல் கிடைப்பவை பொச்சு (தேங்காய் உரிமட்டை), சிரட்டை, பன்னாடை, மூரி மட்டை, ஊமல் (கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் பனங்கொட்டை). மூட்டப் பன்னாடை, பிடித்து எரியப் பொச்சும் மட்டையும், நின்று எரியச் சிரட்டையும் ஊமலும். ஊமல் ஒரு கடகம் போட்டால் நெருப்பு அடங்கிக் கரியாக நிற்கும், பக்கத்தில் குந்தியிருக்கத் தேவையில்லை. எரிக்கக் கூடாதவையும் இருக்கின்றன: பூச்சடித்த பழைய வள்ளப் பலகை வேண்டாம், அந்தப் பூச்சின் புகை கெட்டது. அலரி வேண்டாம், மரமே நஞ்சு. களப்போரத் தில்லை மரம் வேண்டவே வேண்டாம், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, புகையும் கண்ணை எரிக்கும். கண்டல் (அலையாத்தி) மரங்களில் கை வைப்பது சட்டப்படியும் குற்றம்.

விறகைக் கல்லின் மேல் அடுக்குங்கள், நிலத்தில் போட்டால் கறையான். எடுக்குமுன் ஒரு தடியால் தட்டுங்கள், புடையன் பாம்புக்கும் மழைக்காலத்தில் காய்ந்த இடம் பிடிக்கும்.

சரி, மூட்டுகிற அன்றைக்கு. முதலில் புனலால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், மூக்கால் வழிந்தால்தான் தாங்கி நிரம்பியது என்று அர்த்தம். வழியாமல் நெருப்புப் பெட்டியைத் தொடாதீர்கள். இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த விறகு, முக்கால் மணித்தியாலம், 60 லிட்டரும் 75 பாகையைத் தாண்டிவிடும். கொதிக்க விடத் தேவையில்லை. மூக்கு லேசாகச் சொட்டத் தொடங்கும், தண்ணீர் சூட்டில் பெருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. குமுறிக் கொதித்தால் மூக்காலும் புனலாலும் துப்பும், அப்போது கிட்டப் போகாமல் விறகை வெளியே இழுத்துவிட்டு அடங்கும் வரை பொறுங்கள்.

குளிக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல்தான் சுடுதண்ணீர். மாற்றிச் செய்து ஒரு குழந்தை கையை விட்டுவிட்டால் கதை முடிந்தது, 60 பாகைத் தண்ணீர் சில வினாடியில் தோலை உரிக்கும். 15 லிட்டர் வாளிக்கு நாலு லிட்டர் சூடு கலந்தால் 40 பாகை வரும். கையால் அறிய வேண்டும் என்றால் கன்னியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு, ஆனால் எல்லாம் 40 பாகையை ஒட்டித்தான், முதல் வாளி ஊற்றும்போது ஆ என்று, இரண்டாவதில் ஆகா என்று இருக்குமே, அந்தச் சூடு. எங்கள் அம்மம்மாவுக்கு அதற்கு மேலும் ஒரு செம்பு வேண்டும். கணக்கில் 60 லிட்டரிலிருந்து 15 வாளி வர வேண்டும், நடைமுறையில் கடைசியில் சூடு இறங்குவதால் பதினொன்று, பன்னிரண்டு. ஒரு வீட்டுக்கு அது தாராளம்.

வேது தண்ணீர் வேண்டும் என்றால் நொச்சி, பாவட்டை, வேப்பிலை எல்லாம் தனிப் பானையில் அவித்து வாளியில் கலவுங்கள். தாங்கிக்குள் இலை போட்டால் குழாய் அடைக்கும், அடைத்தால் என்ன நடக்கும் என்று மேலே எழுதிவிட்டேன். தேத்தண்ணிக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம், இரும்பு வாசம் இருக்கும். மிஞ்சியதை நாட்கணக்கில் வெதுவெதுப்பாகத் தாங்கிக்குள் வைத்திருப்பதும் கூடாது, 25 முதல் 45 பாகைக்குள் நிற்கிற தண்ணீர் லெஜியோனெல்லா என்ற நுரையீரலைத் தாக்கும் கிருமிக்கு நல்ல நாற்றங்கால். வாரக்கணக்கில் பாவிக்காமல் கிடந்ததென்றால் முழுக்கத் திறந்து விட்டுப் புதிதாக நிரப்பி நன்றாகச் சூடாக்குங்கள்.

கடலோரக் கிணறுகளின் உவர் இரும்பைத் தின்னும், அலுமினியத்தைப் பொட்டுப் பொட்டாகத் துளைக்கும், சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூடச் சூட்டோடு சேர்ந்து மெல்ல அரிக்கும். வசதி இருந்தால் செம்பு. இல்லாவிட்டால் என்னைப் போலத் தடித்த இரும்பு, சில வருடத்தில் மாற்றத் தயாராக இருந்துகொள்ளுங்கள். உள்ளே வெள்ளையாகக் கல் படிந்தால் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ தண்ணீரில் கலந்து ஒரு இரவு விட்டால் இளகிவிடும்.

கோடை முழுக்கச் சும்மா கிடந்த பாய்லரை ஐப்பசியில் முதல் தடவை மூட்டுமுன் மூக்குக்குள் ஒரு கம்பியை விட்டுக் குடையுங்கள். குளவிக்கு ஒரு அங்குலக் குழாய் என்றால் கட்டி விட்ட வீடு மாதிரி, மண் கூட்டால் நன்றாக அடைத்து வைத்திருக்கும். போன வருடம் எனக்கு அப்படித்தான், ஒரு விரல் நீளத்துக்கு மண் வந்தது. குடைந்த பிறகு ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு வாளி திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு நெருப்பை வையுங்கள்.